பினாங்கில் ஞாயிறு காலை நடை: இராணுவத்திலிருந்து வெளியே வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் முன்னாள் இராணுவத்தினர் சிலர் சேர்ந்து நடக்கிறோம். வெளியே வந்து பல வருஷம் ஆனவர் ஒருவர், புதிதாக வந்தவர் ஒருவர் என்று இரண்டிரண்டு பேராக. முதலாமவரை வழித்துணை என்கிறோம். பெயர்ப்பலகை, சந்தா, சீருடை எதுவும் கிடையாது. வாட்ஸ்அப்பில் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, 1990இல் சேர்ந்து 2011இல் சார்ஜனாக வெளியே வந்த காலாட்படைக்காரன்.

எனக்கு வேண்டியது வேலை. நடந்தால் என்ன கிடைக்கும்?

வேலை வேண்டும்தான், அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். வெளியே வந்த மூன்றாவது வாரமே பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஜாகா, அதாவது காவலாளி வேலை கிடைத்துவிட்டது. நான்கு மாதத்தில் விட்டேன். அப்புறம் லோரி ஓட்டினேன், அதையும் இரண்டு மாதத்தில் விட்டேன். சம்பளம் குறைவு, முதலாளி சரியில்லை என்று வீட்டில் காரணம் சொன்னேன், அது உண்மையில்லை. கேம்பில் இருந்தவரை நான் சாப்பிட்டேனா, காய்ச்சலா, ஏன் இன்றைக்கு முகம் சரியில்லை என்று கவனிக்க பக்கத்துக் கட்டிலில் ஒருவன் இருந்தான். வெளியே வந்தபின் இரண்டு நாள் நான் வாயே திறக்காமல் இருந்தாலும் அது யார் கண்ணிலும் படவில்லை. 21 வருஷம் பழகிய ஒன்று ஒரே நாளில் நின்றுபோனது, அதற்கு என்ன பெயர் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அப்போது ஆயர் ஈத்தாம் காப்பிக்கடையில் என்னைப் பார்த்த ஓர் அண்ணன், எனக்குப் பத்து வருஷம் முன்னால் ஓய்வு பெற்றவர், "நாளைக்குக் காலையில தண்ணீர்மலைப் பக்கம் நடக்கப் போறேன், நீயும் வா" என்றார். போனேன். இரண்டு மாதம் அவர் என்னை எதுவுமே கேட்கவில்லை, வானிலை, பந்து விளையாட்டு, முட்டிவலி இவற்றைத் தவிர. மூன்றாவது மாதம் ஒரு மேட்டில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தபோது, 1994இல் ஐ.நா. அமைதிப்படையில் இருந்தபோது போஸ்னியாவில் பார்த்ததைப் பற்றி என் வாய் தானாகப் பேச ஆரம்பித்தது. வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து "என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்டிருந்தால் அது விசாரணை மாதிரி இருந்திருக்கும், நான் சொல்லியிருக்க மாட்டேன். பக்கத்தில் நடக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, கண் பாதையில் இருக்கிறது, பேச்சு நின்றுபோனாலும் கால் நிற்பதில்லை. நாங்கள் உட்கார்ந்து கூட்டம் போடாமல் நடப்பது இதனால்தான்.

வழித்துணை, வழித்துணை என்கிறீர்களே, அது யார்?

மற்றவர்கள் மெண்டர் என்கிறார்கள், வழிகாட்டி என்றும் சிலர் சொல்கிறார்கள். வழிகாட்டி என்றால் வழி தெரிந்தவர், முன்னால் போகிறவர். எங்களில் யாருக்கும் அடுத்தவருடைய வழி தெரியாது. அதனால் வழித்துணை. உங்களுக்கு முன்னால் இதே குழப்பத்தைக் கடந்து வந்தவர், ஆறு மாதம் உங்களோடு நடப்பவர், வாரத்தின் நடுவில் ஒருமுறை போன் செய்து "சாப்ட்டியா" என்று கேட்பவர்.

ஒருவருடைய பழைய மேலதிகாரியை அவருக்கு வழித்துணையாகப் போடுவதில்லை. போட்டால் பழைய பழக்கத்தில் "எஸ் சார்" என்றே பதில் வரும், உள்ளே இருப்பது வராது. பதவியைக் கார் நிறுத்துமிடத்திலேயே விட்டுவிட்டு வருகிறோம். அங்கே மேஜரும் கிடையாது, பிரைவேட்டும் கிடையாது. வயதுக்கு ஏற்ற மாதிரி அண்ணன், தம்பி, அக்கா, அவ்வளவுதான்.

காட்டில் நடந்தால் மனம் சரியாகும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

ஓரளவு இருக்கிறது, அளவுக்கு மீறிச் சொல்ல விரும்பவில்லை. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் தகவலை வைத்து 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் கழிப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம் என்று காட்டியது. இது தொடர்பு மட்டுமே. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே அதிகம் போகிறார்கள் என்றும் இருக்கலாம். ஜப்பானில் அரசின் வனத்துறையே 1982இல் ஷின்ரின் யோக்கு, அதாவது காட்டுக் குளியல் என்ற பெயரைக் கொடுத்து மக்களை மரங்களுக்கு நடுவே மெதுவாக நடக்கச் சொல்லிவிட்டது.

எனக்கு ஆய்வைவிட எர்ல் ஷாஃபர் என்ற அமெரிக்கரின் கதைதான் நெருக்கம். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் இருந்தவர், சின்ன வயதிலிருந்து கூடவே மலையேறிய நண்பனை ஈவோ ஜிமா சண்டையில் பறிகொடுத்தவர். திரும்பி வந்தபின் 1948இல் அப்பலாச்சியன் பாதை முழுவதையும், 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான மலைப்பாதையை, ஒரே பயணத்தில் நடந்து முடித்தார். அதற்கு முன் அப்படி ஒரே மூச்சில் நடந்ததாகப் பதிவு செய்தவர் யாரும் இல்லை. உடம்பிலிருந்து இராணுவத்தை நடந்தே கழிக்கப் போகிறேன் என்ற பொருளில் அவர் சொன்னது அங்கே இன்றைக்கும் பேசப்படுகிறது. அதே பாதையில் போர் வீரர்களை அனுப்பும் அமைப்பும் அங்கே இருக்கிறது. நம்மிடம் அவ்வளவு நீளமான பாதை இல்லை. நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், ஆனால் அது அடுத்த வாரமும் வர வேண்டும்.

நான் காட்டில்தான் சண்டை போட்டேன். மறுபடி காட்டுக்குள் போகச் சொல்கிறீர்களே?

இதைக் கேட்டவர் 70 வயதைத் தாண்டிய ஓர் அண்ணன். இந்தக் கேள்வி வரும்வரை நாங்கள் இதை யோசிக்கவே இல்லை, அதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் திரும்பிய அமெரிக்கருக்குப் பச்சைக் காடு என்பது போர்க்களத்துக்கு நேரெதிர். நம் ஆட்களுக்கு அப்படியில்லை. 1968இலிருந்து 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹாட்யாய் உடன்பாடு கையெழுத்தாகும்வரை, மலாயா கம்யூனிஸ்டுகளோடு நம் இராணுவத்துக்கு நடந்த இரண்டாவது கட்டச் சண்டையில் தாய்லாந்து எல்லைக் காடுகள்தான் களம். கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை இன்றைக்கு நாம் காரில் ஜாலியாகக் கடக்கிறோம். அந்தச் சாலை போடும்போது இராணுவம் காவல் நிற்க வேண்டியிருந்தது. இலைக்கு அடியில் ஜெராங்காப் சாமார், அதாவது மறைத்து வைத்த பொறிவெடி, கம்பி ஒன்று காலில் பட்டால் போச்சு. அந்த மனிதரிடம் போய் "காடு மனதுக்கு அமைதி தரும் அண்ணே" என்று நான் சொல்லியிருக்கிறேன்.

அதன்பிறகு முறையை மாற்றினோம். அவரைப் போன்றவர்களுக்கு முதல் பல வாரங்கள் கடல்தான். பாடாங் கோத்தா திடல், கர்னி டிரைவ் கரை, நான்கு பக்கமும் கண்ணுக்குத் தெரியும் வெட்டவெளி. அப்புறம் தாவரவியல் பூங்காவின் தார்ச்சாலை. அவர் கேட்டால் மட்டும், கேட்ட பிறகு மட்டும், மண்பாதை. வரிசையில் கடைசி ஆளாக நடக்கத்தான் பிடிக்கும் என்றால் அவருக்குப் பின்னால் யாரும் போகக் கூடாது. பின்னாலிருந்து தோளைத் தொடக் கூடாது, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் பக்கத்தில் போக வேண்டும். பாதை ஓரத்தில் அவர் திடீரென்று நின்றுவிட்டால் நாங்களும் நிற்போம், என்ன ஆச்சு என்று கேட்க மாட்டோம்.

ஒரு வருஷம் கழித்து அவரே சொன்னார், இத்தனை நாளும் ஒவ்வொரு அடிக்கும் தரையில் கம்பி தேடிக்கொண்டுதான் நடந்தேன் என்று. கொடிமலை ஜீப் பாதையில் ஒருநாள் தலைக்கு மேலே ஒரு லோத்தோங் குரங்கு குட்டியோடு உட்கார்ந்திருந்தது. அம்மா சாம்பல் கறுப்பு, குட்டி மட்டும் நல்ல ஆரஞ்சு நிறம், அந்த இனத்தில் பிறந்த குட்டிகள் அப்படித்தான் இருக்கும். முதலில் பார்த்து எங்களுக்குக் காட்டியவர் அவர்தான். அவர் தலை நிமிர்ந்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் இன்றுவரை கடலோரம் மட்டும்தான் வருகிறார்கள். அதுவும் சரிதான்.

எங்கெல்லாம் நடக்கிறீர்கள்?

பெரும்பாலும் தாவரவியல் பூங்கா, 1884இல் தொடங்கிய பழைய தோட்டம், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பக்கத்தில். அங்கிருந்து கொடிமலை உச்சிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் ஜீப் பாதை இருக்கிறது, தூரம் கம்மி, ஏற்றம் செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் பாதியில் திரும்பலாம். மூன்கேட் வழியாக மண்பாதையும் உண்டு. உச்சி 833 மீட்டர், மேலே நல்ல காற்று, இறங்குவதற்கு ரயில். மாதம் ஒருமுறை தெலுக் பாஹாங் தேசியப் பூங்காவுக்குப் போய் காட்டு வழியாகக் கெராச்சுட் கடற்கரைவரை நடக்கிறோம், ஆமைகள் முட்டையிட வரும் கரை அது.

மழைக்காலத்தில், குறிப்பாக செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, முந்தின இரவு பெரிய மழை என்றால் மண்பாதை இல்லை.

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. பேசுவதே இல்லை, பேசினால் அதட்டல்தான். என்ன செய்வது?

அக்கா, இந்தக் கேள்வி எங்களுக்கு ஆண்களைவிடப் பெண்களிடமிருந்துதான் அதிகம் வருகிறது. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அவர் லீவில் வந்து போன அத்தனை வருஷமும் அந்த வீட்டை நடத்தியவர் நீங்கள். பிள்ளைக்கு எந்த ஆசிரியர், கரண்ட் பில் எப்போது, கேஸ் எங்கே வாங்குவது எல்லாம் உங்கள் தலையில்தான் இருந்தது. இப்போது அவர் நிரந்தரமாக வந்து உட்கார்ந்து பார்க்கிறார், அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு வேலையும் இல்லை. கேம்பில் தெரிந்ததைச் செய்கிறார்: பிள்ளைகளின் அலமாரியைச் சோதிக்கிறார், ஆறு மணிக்கு எழவில்லை என்று கத்துகிறார். நானும் அதைத்தான் செய்தேன். என் மகள் அப்போது பதினைந்து வயது, ஒருநாள் "அப்பா, எப்போ கேம்புக்குத் திரும்பிப் போவீங்க" என்று நிஜமாகவே கேட்டாள்.

அவருக்கென்று ஒரு வேலையை முழுசாக ஒப்படைத்துப் பாருங்கள். சந்தைக்குப் போவது, சின்னவனை டியூஷனுக்கு விடுவது, எதுவாக இருந்தாலும் அதில் நீங்கள் தலையிடாதீர்கள், அவர் தப்பாகச் செய்தாலும் பரவாயில்லை. எங்களோடு நடக்க வரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், எங்களுக்குச் சொல்லுங்கள், எங்களில் ஒருவர் தற்செயலாகச் சந்தித்த மாதிரி போய்ப் பேசுவோம். அதட்டல் கை ஓங்குவதாக மாறினால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். தாலியான் காசே உதவி எண் 15999ஐக் கூப்பிடுங்கள், அவர் நாட்டுக்கு உழைத்தவர் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

தீபாவளிப் பட்டாசு, தைப்பூசத் தேங்காய் எல்லாம் தாங்க முடியவில்லை. எனக்கு மட்டும்தானா?

இல்லை தம்பி. பினாங்குத் தைப்பூசத்தில் இரதம் வரும் வழியில் மலைபோலத் தேங்காயைக் குவித்து உடைப்பார்கள், ஆயிரக்கணக்கில், அந்தச் சத்தம் நம்மில் பலருக்கு வேறு எதையோ ஞாபகப்படுத்தும். பக்தி குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். கூட்டம் கலைந்த பின்னால், அல்லது ஒரு வாரம் முன்பாகவே, அதிகாலையில் கோயிலுக்குப் போய் 513 படி ஏறிக் கும்பிட்டுவிட்டு வருகிறோம். தீபாவளி இரவில் வழித்துணையின் போன் திறந்தே இருக்கும். எந்தச் சத்தம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும், அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் எத்தனை மணிக்கு வெடிப்பீர்கள் என்று சிரித்த முகத்தோடு கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

நான் சில வருஷம்தான் இருந்தேன், பென்ஷன் கிடையாது. நான் வரலாமா?

வாருங்கள். சாதாரணப் பதவிகளில் இருப்போர் 21 வருஷம் முடித்தால்தான் பென்ஷன் என்பதால், அதற்கு முன்னால் வெளியே வந்த ஏராளமானவர்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள், அதிகம் ஆதரவு வேண்டியவர்களும் அவர்கள்தான். பென்ஷன் இல்லாவிட்டாலும் ஜேஎச்இவி எனப்படும் படைவீரர் விவகாரத் துறையில் உங்கள் பெயரைப் பதிந்து வையுங்கள், உதவித் திட்டம் எது வந்தாலும் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான். பழைய டிஸ்சார்ஜ் கடிதத்தைத் தொலைத்துவிட்டேன் என்று வெட்கப்பட்டு வீட்டிலேயே இருக்காதீர்கள், கூட வந்து வரிசையில் நிற்க எங்களில் ஒருவர் இருப்பார்.

வேலை தேடுவதில் என்ன உதவி செய்வீர்கள்?

வேலை வாங்கித் தர எங்களால் முடியாது. பயிற்சிக்கு சுங்கை பூலோவில் பெர்ஹெபாட் இருக்கிறது, முன்னாள் படையினருக்குத் தொழில் கற்றுத் தருவதே அதன் வேலை, இன்னும் படையில் இருப்பவர்கள் வெளியே வருவதற்கு முன்பே அதைப் பற்றி விசாரித்துவிடுங்கள். நாங்கள் செய்வது மொழிபெயர்ப்பு. "பிளாட்டூன் சார்ஜன், 8 வருஷம்" என்று எழுதினால் தொழிற்சாலை மனிதவள அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. முப்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்தேன், அவர்கள் பயிற்சி, விடுப்பு, பாதுகாப்பு எல்லாம் என் பொறுப்பில் இருந்தன என்று எழுதினால் புரியும். ஸ்டோரில் இருந்தவர் சரக்குக் கணக்கு தெரிந்தவர், சிக்னலில் இருந்தவர் கருவி பழுது பார்க்கத் தெரிந்தவர். ஒரு தம்பி தனக்கு சமைக்க மட்டும்தான் தெரியும் என்று மூன்று வாரம் தலையைக் குனிந்தபடியே நடந்தார். 200 பேருக்கு அதிகாலையில் நேரம் தவறாமல் சோறு போட்டவர் அவர்!

ஜாகா வேலை கேவலம் இல்லை. ஆனால் வேறு எதற்கும் லாயக்கில்லை என்று நினைத்து அதில் போய் உட்காராதீர்கள். இருபத்தைந்து வயது சூப்பர்வைசர் உங்களிடம் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் அது அவமரியாதை இல்லை, வெளியே அப்படித்தான் பேசுவார்கள். இதைப் பழக எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

கையில் மொத்தமாகப் பணம் வந்திருக்கிறது, என்ன செய்யலாம்?

ஆறு மாதம் ஒன்றும் செய்யாதீர்கள். கிராஜுவிட்டியும் எல்டிஏடி என்ற இராணுவச் சேமநிதிப் பணமும் வந்த செய்தி எப்படியோ வெளியே போய்விடும், பழைய நண்பன், தூரத்துச் சொந்தம், யாராவது ஒருவர் ஸ்கிம் செப்பாட் காயா, அதாவது சீக்கிரம் பணக்காரராக்கும் திட்டம் ஒன்றோடு வருவார். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தக் கம்பெனி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே கடனில் இருந்தால் கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகேவில் இலவசமாக ஆலோசனை தருகிறார்கள். கிராப் ஓட்டுபவர்கள் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் சுயதொழில் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் நடையில் யாரும் யாரிடமும் கடன் கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை, இதில் மட்டும் நாங்கள் கண்டிப்பு.

நடந்தும் தூக்கம் வரவில்லை, வாழ்வதே வேண்டாம் என்று தோன்றுகிறது.

அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே, இதைப் படித்து முடித்தவுடனே, சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து அரசு கிளினிக்கில் போய் மனநிலை சரியில்லை என்று சொல்லுங்கள், அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999. தற்கொலைக்கு முயன்றால் தண்டனை என்றிருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது, போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் துள்ளுவது, சாப்பிடவே பிடிக்காமல் போவது, தினமும் குடித்தால்தான் தூங்க முடிவது, இவையெல்லாம் மருத்துவர் பார்க்க வேண்டியவை. நடை அதற்குப் பக்கத்தில் இருக்கும், அதற்குப் பதிலாக இருக்காது. எங்களில் மூன்று பேர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் நடக்கிறார்கள், நானும் ஒருவன்.

தமிழ் தெரியாதவர்கள் வரலாமா? பெண்கள்?

வரலாம், வருகிறார்கள். மலாய், சீன நண்பர்கள் இருக்கும்போது பேச்சு மலாயில், இருபது வருஷம் பேசிய மொழிதானே. பெண்களுக்குப் பெண் வழித்துணைதான்.

நான் வெளியே வந்து பத்து வருஷம் ஆகிறது. வழித்துணையாக வர என்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை வேண்டும், ஆறு மாதத்துக்கு. பாதியில் காணாமல் போகக் கூடாது, ஏற்கெனவே விட்டுப் போனவர்களைப் பார்த்தவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள். அறிவுரை சொல்லத் துடிக்கிறவர் என்றால் முதலில் ஒரு மாதம் சும்மா கூட நடங்கள். உங்களோடு நடப்பவர் சொன்னதை உங்கள் மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்று தோன்றும்போது மட்டும் மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும், இதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கதை உங்கள் பழைய காயத்தைக் கிளறினால் உங்களுக்கும் பேச ஒருவர் இருக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு வழித்துணைக்கும் ஒரு வழித்துணை வைத்திருக்கிறோம். எனக்கு இன்னும் அந்தக் காப்பிக்கடை அண்ணன்தான்.

முதல் நாள் என்ன கொண்டு வர வேண்டும்?

பழைய காலணி, ஒன்றரை லிட்டர் தண்ணீர், மாற்றுச் சட்டை. குரங்கு பிடுங்கும், அதனால் பிளாஸ்டிக் பையில் சாப்பாடு வேண்டாம். பூட்ஸும் பச்சை உடையும் கட்டாயமில்லை, சிலருக்கு அதை மறுபடி பார்ப்பதே கஷ்டம். தாவரவியல் பூங்கா வாசலில் காலை ஏழு மணிக்கு நிற்போம், எட்டரைக்கெல்லாம் வெயில் ஏறிவிடும், முடிந்ததும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும். கார் நிறுத்துமிடம்வரை வந்து இறங்க மனமில்லாமல் திரும்பிப் போனவர்கள் எங்களில் பாதிப் பேர் இருக்கிறார்கள். நீங்களும் அப்படிப் போனால் யாரும் கேட்க மாட்டோம், அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு அதே வாசலில்தான் இருப்போம்.